ஏரம்பமூர்த்தி வாங்கி வைத்த சுறா

வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம் புஷ்பராணி உப்பும் மஞ்சள்தூளும் கலந்த பொட்டலத்தை நீட்டினாள்.

"பால் சுறா இருந்தா மட்டும் வாங்குங்க. இல்லேன்னா சும்மா வாங்க. கெம்போங் மீனு வேணாம், நேத்துத்தான் தின்னோம்."

"இருந்தா சாயங்காலம் வறை. நீ தேங்கா துருவி வை."

"அந்தப் பெட்டிக் கதவ ஒழுங்கா மூடுங்க. போன தடவ மாதிரி மீனு பாதி வெந்து வந்துறப் போவுது."

ஏரம்பமூர்த்தி முழங்காலைத் தூக்கிக் காற்றில் ஒரு முட்டு முட்டிக் காட்டினார். அவருடைய ஆபீஸ் குளிர்பெட்டி அப்படி முட்டினால்தான் மூடும். கதவு ஓரத்து ரப்பர் போய்ப் பல வருடமாகிறது. அந்த முட்டலை அவர் வீட்டில் செய்து காட்டும்போதெல்லாம் புஷ்பராணிக்குச் சிரிப்பு வரும். அன்றும் வந்தது. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அடுக்குமாடிக்குக் கீழே அப்துல் ரசாக் கடைக்குப் போன் வந்தது. ஆபீஸ் ஸ்டோர் ரூமில், நாற்காலியில் சாய்ந்தபடியே ஏரம்பமூர்த்தி போய்விட்டிருந்தார். புஷ்பராணி பாதி துருவிய தேங்காய்மூடியைக் கையில் பிடித்தபடியே படியிறங்கினாள். அதை யாரோ அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். யாரென்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

ஏரம்பமூர்த்தி வேலை பார்த்த இடத்தின் பெயர் 'வடகடல் சுறாமீன் வெள்ளணு அமைப்பு மற்றும் இரசாயன ஆய்வுக் கழகம்'. ஜெலுத்தோங் கடலோரத்தில் ஒரு பழைய ரப்பர் கிடங்கில் அது நடந்து வந்தது. பெயர்ப் பலகை கிடங்கைவிட நீளம். அதனால் 'ஆய்வுக் கழகம்' என்பது மட்டும் பக்கத்து டயர்ப் பட்டறைச் சுவரில் இருந்தது. டயர் மாற்ற வந்த சிலர் அங்கே இரத்தப் பரிசோதனையும் செய்வார்களா என்று கேட்டதுண்டு.

நோயோடு சண்டை போடுவது இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள். சுறாவின் வெள்ளணு எப்படி அமைந்திருக்கிறது, அதன் உள்ளே என்ன இரசாயனம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மனித குலத்துக்கு நல்லது என்று இயக்குநர் டாக்டர் கதிர்காமநாதன் எங்கோ பேசி, யாரையோ நம்பவைத்து, கழகத்தைத் தொடங்கியிருந்தார். சுறாவுக்கு நம்மைப் போல எலும்பு கிடையாது, எலும்பு மஜ்ஜையும் கிடையாது. அதன் வெள்ளணுக்கள் தொண்டைக்குழாய் ஓரத்திலும் அடிவயிற்றிலும் உற்பத்தியாகின்றன. சில வெள்ளணுக்களின் உள்ளே மணி மணியாக இருக்கும். அந்த மணிகள் பெரியவை என்றொரு கட்சியும், சிறியவை என்றொரு கட்சியும் கழகத்தில் இருந்தன. பெருமணிக்காரர்கள் ஜன்னல் பக்கத்து மேசையில் தேநீர் குடித்தார்கள். சிறுமணிக்காரர்கள் குழாய் பக்கத்து மேசையில் குடித்தார்கள். ஸ்டோர் கிளார்க்கான ஏரம்பமூர்த்தி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் நின்றுகொண்டே குடித்து வந்தார்.

கழகத்தில் எல்லாம் இருந்தது, சுறாதான் இல்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கப் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடலில் தூண் அடிக்கும் சத்தத்துக்குச் சுறாக்கள் வடக்கே போய்விட்டன என்று இயக்குநர் அறிக்கை விட்டிருந்தார். ஜெலுத்தோங் பசாரில் வாரம் தவறாமல் சுறா விற்றது. ஆனால் பசாரில் வாங்கக் கழகத்தின் விதியில் இடமில்லை. மாதிரி என்பது கழகத்தின் படகில், கழகத்தின் வலையில் வர வேண்டும். படகு இருந்தது. எஞ்சினுக்கு எழுதியிருந்தார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் ஏரம்பமூர்த்தி செத்துப்போனதற்கு மறுநாள் காலை குளிர்பெட்டியைத் திறந்தவர்கள் உள்ளே ஒரு சுறாவைக் கண்டார்கள்.

சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த பிறகு புஷ்பராணிக்கு அந்த மீனின் நினைவு வந்தது.

"அண்ணே, அவரு மீனு வாங்கியிருப்பாரு. ஆபீஸ்ல இருக்கும்."

அவள் அண்ணன் ஐயாத்துரை எட்டுச் செலவுக்கு ஆகவேண்டியதைப் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களின் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த வழக்கம் அது. செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ, மச்சம் மாமிசம் உட்பட, எட்டாம் நாள் சமைத்து இலையில் படைக்க வேண்டும். அன்றைக்கு வந்து ஒருவாய் தின்றுவிட்டுத்தான் ஆள் போவார் என்பது நம்பிக்கை.

"அத யாரு இப்ப தேடுவா? பசார்ல வேற வாங்குவோம் லா."

"வேற எதுக்கு? அவரு எனக்குன்னு கடைசியா வாங்கினது அதுதான். அதத்தான் வறுத்து வைக்கணும்."

ஐயாத்துரை தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, போயி கேளு. நம்ம கதிர்காமநாதன்தானே. மாட்டேன்னா சொல்லப் போறாரு?" என்றார்.

கழகத்து வாசலில் காவலாளி அப்துல் ரஹீம் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். கழற்றிய கையோடு ஒரு தட்டை அவள் காலடியில் தள்ளினார். தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. செருப்பக் கழட்டி, கால நனைச்சுட்டுத்தான் போகணும்."

"எதுக்கு?"

"வெளிக் கிருமி உள்ள போயி சுறாவுக்குத் தொத்திக்குமாம்."

"உள்ளதான் உயிரோட ஒரு சுறாவும் இல்லையே."

"வரும்போது வைக்கச் சொன்னாங்க. வராதப்ப எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல."

புஷ்பராணி காலை நனைத்தாள். ஏரம்பமூர்த்தியின் கால்நகங்கள் ஏன் எப்போதும் பழுப்பாக இருந்தன என்பது அப்போது புரிந்தது. குளிப்பாட்டி வைத்தபோது அந்த நகங்களை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தும் கறை போகவில்லை.

உள்ளே டைப்ரைட்டர் முன்னால் ஐரீன் இருந்தாள். இயக்குநரின் செயலாளர். ஏரம்பமூர்த்தி வீட்டுப் பலகாரம் எதுவானாலும் ஒரு பங்கு அவளுக்கு வந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, அது இப்ப மீனு இல்லக்கா."

"பின்ன என்ன?"

"ஸ்பெசிமன். ஆபீஸ் மூடுனப்புறம் பெட்டில எது இருந்தாலும் அது ரிசர்ச்சுக்குச் சொந்தம். ரூல் அப்படி. என் நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் ஒரு நாளு உள்ள தங்கிருச்சு. நம்பர் ஒட்டிட்டாங்க. இன்னும் இருக்கு, பாக்குறீங்களா?"

புஷ்பராணி பார்க்க விரும்பவில்லை. ஐரீன் அவளை இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் கதிர்காமநாதன் எழுந்து நின்று வரவேற்றார். அவர் தலைக்குமேல், காகிதக்கூழால் செய்த பிரம்மாண்டமான வெள்ளணு ஒன்று கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸஸ் மூர்த்தி, உங்கள் கணவரின் மறைவு கழகத்துக்குப் பேரிழப்பு. ஆனால் பாருங்கள், இழப்பு நேர்ந்த மறுநாளே கழகத்துக்கு ஒரு பேறும் வாய்த்திருக்கிறது. இயற்கை ஒரு கையால் எடுக்கிறது, மறு கையால் கொடுக்கிறது. எடுத்தது உங்களிடம். கொடுத்தது எங்களிடம். மொத்தத்தில் பார்த்தால் குறையொன்றும் இல்லை."

புஷ்பராணி அந்தக் கணக்கைச் சற்று நேரம் யோசித்துப் பார்த்தாள்.

"டாக்டர், அது வீட்டுக்கு வாங்கின மீனு. எட்டுச் செலவுக்கு வறை பண்ணணும்."

"அது உணவு என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"மீனு உணவுங்கறதுக்கா?"

"நீங்கள் விஞ்ஞானத்துக்கு வெளியே இருப்பதால் இதை எளிதாகச் சொல்கிறேன். கடலில் இருக்கும்வரை அது பிராணி. பசாரில் உணவு. எங்கள் குளிர்பெட்டியில் அது அறிவு. அறிவை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. மேலும்..." என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வறை, வறை என்கிறீர்களே, அது என்ன?"

சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு வறுப்பதுதான் வறை. அது செய்த அன்றெல்லாம், "டாக்டருக்கும் சேத்து வை, புஷ்பம்" என்று ஏரம்பமூர்த்தி சொல்வார். டிபன் கேரியரின் மேல்தட்டு டாக்டருக்கு. மாலையில் அந்தத் தட்டு கழுவியது போல் வரும். விரலால் வழித்த தடம்கூட அதில் தெரியும்.

"அது ஒரு கறி, டாக்டர்" என்றாள்.

"அப்படியா. குழுவில் வைத்துப் பேசுகிறேன். நாளை மறுநாள் காலை அணிவகுப்புக்கு வாருங்கள். அனுதாபத் தீர்மானமும் இருக்கிறது."

காலை அணிவகுப்பு பற்றி ஏரம்பமூர்த்தி வீட்டில் சொன்னதுண்டு. அவர் கூட்டிச் சொல்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

கழகத்து முற்றத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருந்தது. ஊழியர்கள் எல்லோரும் வெள்ளை அங்கி அணிந்து அதற்குள் வந்து நின்றார்கள். வட்டம்தான் வெள்ளணு. ஊழியர்கள் அதன் மணிகள். நடுவில் கரு. சுறாவின் அந்த வகை வெள்ளணுவில் கரு இரண்டு இதழாகப் பிரிந்து, மெல்லிய இழையால் இணைந்திருக்கும். ஒரு இதழாக இயக்குநர் நின்றார். துணை இயக்குநர் பதவிக்கு ஆள் போடாததால் மறு இதழாக இயக்குநரின் நாற்காலியை வைத்திருந்தார்கள். இணைக்கும் இழையாக ஐரீன் நின்று ஒரு கையால் நாற்காலியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

வட்டத்தின் ஓரத்தில் ஓரிடம் காலியாக இருந்தது.

இயக்குநர் அந்த இடத்தைப் பார்த்தார். முகம் சுளித்தார். ஐரீன் நாற்காலியை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மூர்த்தி அண்ணன் எடம். காலியா இருந்தா அணு ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்காம். கொஞ்ச நேரம் நீங்க..."

"நா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா நிக்கணும். மணி பேசாது."

புஷ்பராணி போய் நின்றாள். சிமெண்டில் இரண்டு காலடி அளவுக்கு நிறம் மங்கியிருந்தது. தன் கால்களை அதில் வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் திறந்த ஜன்னல் வழியாக நேர் எதிரே குளிர்பெட்டி தெரிந்தது. இத்தனை வருடமும் காலையில் அவர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. போய் முட்டிவிட்டு வர வேண்டும் போல அவளுக்குக் கால் துடித்தது. மணி நகரக் கூடாது என்பதால் நின்றாள்.

இயக்குநர் பேசினார்.

"ஏரம்பமூர்த்தி ஒரு மணி. சாதாரண மணி. ஆனால் மணிகள் இல்லாவிட்டால் கருவின் பெருமை யாருக்குத் தெரியும்? கருவைச் சுற்றி நிற்பதற்கு யாராவது வேண்டும். அந்தக் கடமையை அவர் செவ்வனே செய்தார். ஒரு கணம் மௌனம்."

ஒரு கணம் மௌனமாக இருந்தார்கள். கடலில் பாலத்துக்குத் தூண் அடிக்கும் சத்தம் கேட்டது.

"இனி மகிழ்ச்சியான செய்தி. நமது குளிர்பெட்டிக்கு வந்து சேர்ந்த சுறாவின் இரத்தத்தில், இதுவரை எவரும் கண்டிராத ஒரு வெள்ளணுவை நாம் கண்டிருக்கிறோம். அதன் மணிகள் பெரியவையும் இல்லை, சிறியவையும் இல்லை. பொன்னிறமானவை! இரசாயனப் பகுதியில் சோதித்ததில் உப்பு அதிகம் என்று வந்திருக்கிறது. கடல்வாழ் பிராணி, இருக்காதா? இதற்குப் 'பொன்மணி அணு' என்று பெயர் சூட்டலாம் என்றார்கள். ஒரு மனிதரின் பெயரும் சேர வேண்டும் என்று குழு கருதியது. என் பெயர் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கழகத்தின் ஸ்தாபகர் பெயரை வைப்பது என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது. பிறகு ஸ்தாபகர் யார் என்று விசாரித்ததில் அதுவும் நான்தான் என்று தெரிய வந்தது. குழுவின் முடிவுக்கு நான் கட்டுப்பட்டவன்."

மணிகள் கை தட்டின.

"மிஸஸ் மூர்த்தியின் கோரிக்கையையும் குழு பரிவோடு பரிசீலித்தது. எட்டாம் நாள் அன்று மாதிரியைக் கழகமே, தக்க மரியாதையோடு, அவர் இல்லத்துக்குக் கொண்டுவரும்."

புஷ்பராணி இரண்டு கைகளையும் கூப்பினாள். மணி அசையலாமா கூடாதா என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கலைந்து போகும்போது ஆய்வு அதிகாரி ஆர்தர் அவளை நிறுத்தினார். ஏரம்பமூர்த்தியோடு பஸ்ஸில் ஒன்றாக வந்து போகிறவர். சிறுமணிக் கட்சி.

"அக்கா, பாக்குறீங்களா? அண்ணன் கொண்டாந்த மீனோட ரத்தம்."

அவள் குனிந்து நுண்பெருக்கியில் கண்ணை வைத்தாள். வட்ட வட்டமாக இருந்தது. நடுவில் ஊதா நிறத்தில் கரு. சுற்றிலும் பொடிப் பொடியாகப் பொன் தூவியது போல் மினுங்கியது. பசார் குழாயடியில் குந்தி உட்கார்ந்து அவர் மீனில் பொட்டலத் தூளைத் தடவுவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்ப்பது போலிருந்தது. உள்ளங்கை, விரலிடுக்கு, நகம் எல்லாம் தெரிந்தது.

"தம்பி, இது நா குடுத்த மஞ்சத்தூளு. உப்பும் நா போட்டதுதான்."

ஆர்தர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"தெரியும்கா."

"தெரியுமா?"

"மொத நாளே மோந்து பாத்தேன். எங்க அம்மாவும் சுறான்னா இப்படித்தான் தடவி வைக்கும். தடவலேன்னா யூரியா நாத்தம் தாங்காதே. இங்க எல்லாருக்கும் தெரியும். எல்லார் வீட்லயும் அடுப்பு இருக்கு."

"அப்ப ஏன் சொல்லல?"

"பெருமணிக்காரங்க சொல்லுவாங்கன்னு நாங்க பாக்குறோம். நாங்க சொல்லுவோம்னு அவங்க பாக்குறாங்க. மொதல்ல வாயத் தொறக்குறவங்க தோத்தாங்க." குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இப்ப ரெண்டு கட்சியும் ஒரே மேசையில தே தாரிக் குடிக்குதுக்கா. நா வேலைக்கு வந்ததிலேருந்து இதான் மொத தடவ. எப்படி லா கெடுக்குறது?"

"எனக்கு அதெல்லாம் வேணாம். யாரு பேர வேணா வச்சுக்கட்டும். மீனு நல்லா இருக்குதா?"

ஆர்தர் குனிந்து தன் கண்ணை நுண்பெருக்கியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு டாக்டர்தான் பதில் சொல்லணும். எனக்கு அத்தாரிட்டி இல்ல."

நடைகூடத்தில் வரும்போது அவளுக்குக் கண் எரிந்தது. அழுகை வருகிறதாக்கும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பெட்டியின் கதவை முட்டிவிட்டுப் போகலாமென்று பார்த்தாள். 'உத்தரவின்றித் தொடாதீர்' என்று புதிதாக ஒரு அட்டை தொங்கியது.

எட்டாம் நாள் காலை ஐயாத்துரை பசார் கூடையோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு சுறா வந்திருக்கு. நல்ல குட்டி. வாங்கிட்டு வந்துறட்டா?"

"வேணாண்ணே. அவரு வாங்கினது வருது."

"வரலேன்னா?"

"எல்லார் முன்னாலயும் சொன்னாரு. மரியாதையோட கொண்டு வருவாங்களாம்."

"மீனுக்கு எதுக்கு மரியாதை?" என்று ஐயாத்துரை முணுமுணுத்தார். ஆனாலும் வாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் தயார். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை. ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, அவர் தீபாவளிக்கு மட்டும் குடிக்கும் கறுப்பு பியர் ஒரு கிளாஸ். இலையின் வலது மூலையில் ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கியாயிற்று, கறிவேப்பிலை உருவியாயிற்று, தேங்காய் துருவியாயிற்று. அவிப்பதற்குச் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

கழகத்தின் வேன் வந்தது. மொத்தக் கழகமும் வெள்ளை அங்கியில் இறங்கிப் படியேறி வந்தது. அடுக்குமாடி முழுவதும் கதவைத் திறந்துகொண்டு பார்த்தது. யார் வீட்டில் யாருக்கு என்ன தொற்று என்று ஒரு சீனக் கிழவி கேட்டாள். முன்னால் இயக்குநர். பின்னால், பித்தளைப் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டியைத் தலைமாடு கால்மாடாகப் பிடித்து அப்துல் ரஹீமும் ஆர்தரும் தூக்கி வந்தார்கள். சவப்பெட்டி போலவே இருந்தது. புஷ்பராணியின் வீட்டிலிருந்து போன பெட்டியைத் தூக்கியவர்களிலும் இவர்கள் இருவரும் இருந்தார்கள்.

படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்தார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"சுறாவின் இரத்தத்தில் யூரியா இருக்கிறது. நம் இரத்தத்தில் அந்த அளவு இருந்தால் அது வியாதி. அதனிடம் இருந்தால் அது தகுதி. கடலின் உப்பு தன்னை உறிஞ்சிவிடாமல் அந்த யூரியாவால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர் இடத்தில் தாக்குப்பிடிக்க ஒரு இரசாயனம் வேண்டியிருக்கிறது. எனக்குக் கழகம். ஏரம்பமூர்த்திக்கு நான்."

தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருப்பது புஷ்பராணிக்குக் கேட்டது.

"டாக்டர், நேரமாவுது. குடுத்தீங்கன்னா அவிய வச்சிருவேன்."

இயக்குநர் சாவியைக் கொடுத்தார். அப்துல் ரஹீம் பெட்டியைத் திறந்தார்.

முதலில் வந்தது வாடை. கண்ணைக் கரித்து, தொண்டைக்குள் இறங்கும் வாடை. குழந்தைகள் இருமின. கழகத்து நடைகூடத்தில் கண் எரிந்தது எதனால் என்று புஷ்பராணிக்குத் தெரிந்தது. உள்ளே கண்ணாடி ஜாடியில், பார்மலின் மருந்தில், சுறா நட்டுக்குத்தலாக நின்றது. செவுளில் கோத்துக் கட்டிய சிவப்பு ராஃபியா கயிறு அப்படியே இருந்தது. கயிற்றில் இரட்டை முடிச்சு. பசாரில் ஒரு முடிச்சுத்தான் போட்டுத் தருவார்கள். இரண்டாவது அவர் போடுவது.

"இத எப்ப மருந்துல போட்டீங்க?" என்றாள்.

"ரத்தம் எடுத்த உடனே. முதல் நாள் காலையே."

"நா வந்து கேட்டப்ப?"

"அப்போதும் இதில்தான் இருந்தது."

"அப்ப இதத் திங்க முடியாதுன்னு அன்னைக்கே தெரியும்."

"நிச்சயமாக. விஷமல்லவா?"

"ஏன் சொல்லல?"

இயக்குநர் உண்மையாகவே வியந்து போனார். "நீங்கள் கேட்டது மீனைத் தரலாமா என்று. தின்னலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் குழு எப்படிப் பதில் சொல்லும்?"

புஷ்பராணி ஆர்தரைப் பார்த்தாள். அவர் ஜாடியைப் பார்த்தார். ஐரீனைப் பார்த்தாள். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஐயாத்துரை சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புஷ்பராணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது பசாருக்கு ஓடினாலும் மீன்கடைகள் கழுவி மூடியிருக்கும்.

அவள் அடுப்படிக்குப் போய் நெருப்பை அணைத்தாள். துருவிய தேங்காயில் ஒரு கைப்பிடி எடுத்தாள். அதில் உப்பும் மஞ்சளும் தூவிப் பிசறிக் கொண்டுவந்து இலையின் வலது மூலையில் வைத்தாள். ஏதாவது வைக்க வேண்டும் என்று வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். வாசலில் காக்கை கரைந்தது. பார்மலின் வாடைக்கு அது கிட்டே வரவில்லை.

பந்தியில் இயக்குநர் முதல் இலையில் உட்கார்ந்தார். இறைச்சி வந்தது, இறால் வந்தது. இரண்டும் போட்டுக்கொண்டார். பிறகும் கை நனைக்காமல், அடுப்படிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"மிஸஸ் மூர்த்தி." குரல் சற்று இறங்கியிருந்தது. "வறை... இல்லையா?"

பந்தி முழுவதும் கை நின்றது. பெருமணிக்காரர்களும் சிறுமணிக்காரர்களும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மூர்த்தி கொண்டு வருவாரே. நீங்கள் பண்ணுவது. எட்டுச் செலவு என்றதும் கட்டாயம் இருக்குமென்று... காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை."

"இருக்கு, டாக்டர்" என்றாள் புஷ்பராணி. "பெட்டியில இருக்கு. சாவி உங்ககிட்டதான்."

இயக்குநர் பெட்டியைப் பார்த்தார். அவள் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்துச் சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்ததும் வந்தது போலவே எல்லோரும் அங்கியோடு படியிறங்கினார்கள். அப்துல் ரஹீம் கடைசியாக இறங்கினார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, "அக்கா, நா பெட்டியத் தூக்கறப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். புஷ்பராணி குனிந்து பார்த்தாள். அவர் கால்நகங்களும் பழுப்பாக இருந்தன.

பொன்மணி அணுவால் கழகம் தழைத்தது. வேறெந்தச் சுறாவிலும் அது அகப்படவில்லை. அகப்படாததே அதன் அருமைக்குச் சான்று என்று இயக்குநர் வெளிநாட்டு மாநாடுகளில் பேசினார். பாலம் திறந்து வண்டிகள் ஓடத் தொடங்கின. ரப்பர் கிடங்குக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. பெயர்ப் பலகைக்கு இப்போது டயர்ப் பட்டறைச் சுவர் தேவைப்படவில்லை.

திறப்பு விழாவுக்கு புஷ்பராணிக்கும் அழைப்பு வந்தது. முற்றத்து வட்டத்தில் ஏரம்பமூர்த்தியின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்றும், வெளியூர்ப் பெரியவர்கள் வருவதால் வட்டம் நிறைந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஐரீன் வெட்கத்தோடு சொன்னாள். புஷ்பராணி போனாள். வட்டத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முன்கூடத்தில் விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரிக்குள் அந்த ஜாடி இருந்தது. மீன் வெளிறிப் போயிருந்தது. கயிறும் வெளிறியிருந்தது. முடிச்சு இரண்டும் இருந்தன. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். பார்த்தாள்.

முற்றத்தில் கை தட்டும் சத்தம் கேட்டபோது பழைய கிடங்கு வழியாக வெளியே வந்தாள். நடைகூடத்தில் யாருமில்லை. குளிர்பெட்டி அதே இடத்தில் நின்றது. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. 'உத்தரவின்றித் தொடாதீர்' அட்டை மஞ்சளேறித் தொங்கியது.

புஷ்பராணி கையால் கதவைத் தள்ளிப் பார்த்தாள். மூடியது. கையை எடுத்ததும் திறந்துகொண்டது. புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலால் ஒரு முட்டு முட்டினாள்.

மூடிக்கொண்டது.